மும்முறுக்கு கண்ட பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

மழை ஓய்ந்த பின்னர் நம் யட்டவத்தயின் வயற்கரைகளிலே தேங்கி நிற்கும் நீரைக் குனிந்து பார்த்தவர்கள் வாற்பேய்களைக் கண்டிருப்பார்கள். கரிய தலையும் நீண்ட வாலுமாக நெளிந்து திரியும் அச்சிற்றுயிர்கள் சில வாரங்களிலே தவளையாகிக் கரையேறிவிடுகின்றன. நான் மிஷன் பாடசாலையிலே சிறுவனாக இருந்தபோது, எங்கள் ஆசிரியர் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் வாற்பேய்களை விட்டு வகுப்பு யன்னலோரம் வைத்திருந்தார். நாலு கால்களும் முளைத்த பின்னர் நாளுக்கு நாள் வால் குறுகிக்கொண்டே போவதைப் பார்த்தோம். வால் அறுந்து விழுந்திருக்குமென்று எண்ணி, போத்தலின் அடியிலே தேடினோம். ஒன்றும் இல்லை. வாலை அந்த உடம்பே கரைத்துத் தன்னுள் எடுத்துக்கொள்கிறது என்று ஆசிரியர் சொன்னபோது எங்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை.

இன்று சர்வகலாசாலையிலே உயிரியல் படிக்கும் எனக்கு அந்தப் போத்தல் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வாலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். நம் தோல், எலும்பு, தசைநாண், பல்லின் உட்பகுதி எல்லாவற்றுக்கும் உறுதி தருவதும் அதுவே. நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கொலாஜன்தான். கோயில் வாசலிலே முழங்கும் தவிலின் தோலும் பறையின் தோலும் அதனாலானவையே. அடித்த அடியை எல்லாம் தாங்கிக்கொண்டு நிற்கும் இப்பொருளை, உடம்பு வேண்டும்போது எவ்வாறு கரைக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், முதலில் கொலாஜன் எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்று அறியவேண்டும். அதைக் கண்டு சொன்னவர் நம் மொழி பேசும் ஒருவர். சென்னையிலே இருந்து கண்டு சொன்னவர். அவருடைய வரலாற்றை நம் மன்றத்து இளைஞர்கள் அறிந்திருப்பது நன்று என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன். பெரியோர் பிழை பொறுத்தருள்க.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8ஆம் திகதி, அக்காலக் கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்த எர்ணாகுளத்திலே பிறந்தார். பெயரின் முதலிலே நிற்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள மூதாதையர் ஊர். தந்தையார் எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியர். பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கிக் கொடுப்பதைவிடக் கணக்கு ஒன்றைக் கொடுப்பதிலே அவருக்கு விருப்பம் அதிகமாம். பிற்காலத்திலே மகன் உயிரியலைத் தொட்டாலும் இரசாயனத்தைத் தொட்டாலும் அதைக் கணக்காகவே பார்த்ததற்கு விதை அந்த வீட்டிலே விழுந்தது எனலாம்.

உள்ளூர்க் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் 1939இல் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரிக்கு வந்து பௌதிகம் படித்தார். அது யேசு சபைக் குருமார் நடத்திய கல்லூரி. பாதிரிமாரிடம் படித்தால் பிள்ளை வேறாகிவிடுவான் என்று அஞ்சும் பெரியோர் அன்றும் இருந்தனர், நம்மூரிலும் இருந்தனர். என்னைப் பாடசாலைக்கு அனுப்பியபோது என் பாட்டியாரும் அப்படித்தான் அஞ்சினார். இராமச்சந்திரனோ கற்க வேண்டியதைக் கற்றுக்கொண்டு, தம் ஆசாரம் தம்மோடிருக்க, 1942இல் சிறப்புப் பட்டம் பெற்று வெளிவந்தார்.

அவ்வாண்டே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே பௌதிகப் பகுதியிலே சேர் சி. வி. இராமன் இருந்தார். இளைஞரின் கூர்மையைக் கண்ட இராமன், இவன் உங்கள் பகுதிக்குச் சற்று மிஞ்சிய புத்திசாலி என்று பொறியியல் பேராசிரியரிடம் சொல்லித் தம் பகுதிக்கு இழுத்துக்கொண்டார் என்பது பலரும் அறிந்த கதை. இராமனிடத்திலே அவர் கற்றவை ஒளியும் பளிங்கும். வைரம் முதலிய பளிங்குகளினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறும் பாங்கைக் கொண்டு உள்ளமைப்பை ஊகிக்கும் வித்தை அங்கேதான் கைவந்தது. 1945இல் இராஜலக்ஷ்மி அம்மையாரை மணந்தார். 1947இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, கவெண்டிஷ் ஆய்வுகூடத்திலே வூஸ்டர் என்பவரின் கீழ் ஆராய்ந்து கலாநிதிப் பட்டத்துடன் 1949இல் பெங்களூர் திரும்பினார்.

மூன்றாண்டுகளின் பின்னர் சென்னைச் சர்வகலாசாலை ஒரு பௌதிகப் பகுதியைத் தொடங்கியது. துணைவேந்தர் டாக்டர் ஏ. இலக்ஷ்மணசுவாமி முதலியார் தலைமைப் பதவியை முதலில் இராமனுக்கே கொடுக்க முன்வந்தார். இராமன் மறுத்துத் தம் மாணவரைச் சுட்டினார். அப்போது இராமச்சந்திரனுக்கு வயது 29. இருபத்தொன்பது வயதுப் பையனிடம் ஒரு பகுதியை ஒப்படைத்த முதலியாரின் துணிவை நான் வியக்கிறேன். நம் நாட்டிலே அந்த வயதுக்காரரிடம் ஒரு சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக்கூட ஒப்படைக்கமாட்டார்கள்.

கிண்டியிலே ஆய்வுகூடம் எழுந்தது. கருவி இருந்தது, ஆள் இருந்தனர். எதை ஆராய்வது என்பதே கேள்வி. 1952இல் சென்னைக்கு வந்த பெர்னல் என்ற ஆங்கில விஞ்ஞானி பேச்சுவாக்கிலே ஒரு சொல் விட்டுச் சென்றார். கொலாஜனுக்குப் பலர் அமைப்புக் கூறியிருக்கின்றனர், அமெரிக்காவிலே போலிங் என்ற பேரறிஞரும் கூறியிருக்கிறார், ஆயினும் ஒன்றேனும் பொருந்தவில்லை என்பதே அது. இராமச்சந்திரன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

ஆய்வுக்குப் பொருள் வெகு தொலைவிலே இல்லை. பக்கத்திலே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, 1948இல் நிறுவப்பட்டது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அங்கே குவிந்து கிடந்தன. தோலென்றால் முகஞ்சுளிக்கும் ஆசாரமுள்ள குடும்பத்திற் பிறந்தவருக்குத் தோலின் சாரமே வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று! ஆயினும் நல்ல எக்ஸ் கதிர்ப் படம் கிடைத்தது ஆட்டிலும் மாட்டிலும் அன்று. அந்நிலையத்திலிருந்து பெற்ற கங்காருவின் வால் தசைநாணிலே. அதன் நார்கள் ஒரே திசையிலே ஒழுங்காகப் படிந்திருப்பதால் படமும் தெளிவாக விழுந்தது. கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆராய்ச்சியாளர் உடனிருந்து உழைத்தார்.

இங்கே சற்று நின்று விளக்கவேண்டும். புரதம் என்பது அமினோவமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. மணிகள் இருபது வகை. அவற்றுள் மிகச் சிறியது கிளைசீன். கொலாஜனைப் பகுத்துப் பார்த்தால் அதில் மூன்றிலொரு பங்கு கிளைசீனாகவே இருக்கிறது. பெரும்பாலான புரதங்களிலே இப்படியில்லை. மற்றவர்கள் இதை ஒரு விநோதமாகக் குறித்துவிட்டுப் போயினர். இராமச்சந்திரன் இதையே சாவியாகக் கொண்டார். மூன்று மாலைகள் ஒன்றோடொன்று நெருக்கமாக அமைந்தால், நடுவிலே இடம் மிக ஒடுங்கிவிடும். அந்த இடத்திற்கு ஒவ்வொரு மாலையும் மூன்று மணிக்கு ஒரு முறை வந்தேயாகவேண்டும். அங்கே கிளைசீனைத் தவிர வேறெந்த மணியும் கொள்ளாது. ஆகவே மூன்றுக்கு ஒன்று கிளைசீன். எண்ணும் வடிவமும் இப்படி ஒன்றையொன்று கவ்வி நின்றதைக் கண்டபோது அந்த ஆய்வுகூடத்திலே எத்தகைய மகிழ்ச்சி பொங்கியிருக்கும்!

1954ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நேச்சர் என்னும் ஆங்கில விஞ்ஞான ஏட்டிலே இருவரும் தம் முடிவை வெளியிட்டனர். மறு ஆண்டு செப்டெம்பரில் அதைத் திருத்தி, மூன்று சுருள்களும் தனித்தனியே நிற்பவை அல்ல, ஒன்றையொன்று மெல்லத் தழுவி முறுக்கிக் கிடப்பவை என்று காட்டினர். மும்முறுக்கு என்று நாம் சொல்லலாம். நம் தாய்மார் மூன்று புரியாகக் கூந்தலைப் பின்னுவது ஓரளவுக்கு ஒப்புமை, ஆனால் முழு ஒப்புமையன்று. பின்னலிலே புரிகள் மாறி மாறிக் குறுக்கே போகும், இங்கே மூன்றும் கயிற்றுப் புரிபோல் ஒரே பக்கமாக முறுக்கிச் செல்கின்றன.

இனி வருவது அவ்வளவு இனிய பகுதியன்று. 1955 நவம்பரிலேயே அதே ஏட்டில் ரிச், கிரிக் என்ற இருவர் எழுதினர். மரபணுப் பொருளின் இரட்டைச் சுருளை 1953இல் வாட்சனோடு சேர்ந்து கண்ட அதே கிரிக்தான். மும்முறுக்கு சரியே என்றனர். ஆனால் சென்னையார் கூறியபடி மூன்று அமினோவமிலத்துக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் இருக்க முடியாது, ஒன்றே இருக்கலாம், இரண்டை வைத்தால் சில அணுக்கள் நெருங்கத் தகாத அளவுக்கு நெருங்கிவிடும் என்றனர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்தும் இதையொத்த அமைப்பு வந்தது. மேல்நாட்டார் பலர் பின்னர் கொலாஜனைப் பற்றி எழுதும்போது கேம்பிரிட்ஜின் பெயரை முன்னே வைத்துச் சென்னையின் பெயரைப் பின்னே தள்ளினர்.

இதைப் பற்றி நம்மவர் எழுதும்போது, வெள்ளையர் நம் விஞ்ஞானியின் புகழைப் பறித்தனர் என்று கோபத்தோடு எழுதிவிடுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. முதலிலே மும்முறுக்கைக் கண்டவர் அவரே, அந்த முதன்மையை மறைத்தது அநீதியே. ஆனால் பிணைப்பின் எண்ணிக்கையிலே கேம்பிரிட்ஜார் சொன்னதே சரியாக இருந்தது என்பதையும் நாம் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 1994இல் கொலாஜனையொத்த ஒரு சிறு புரதத்தைப் பளிங்காக்கி அமெரிக்காவிலே நேரே பார்த்தபோது, மாலைகளுக்கிடையே நேர்ப்பிணைப்பு ஒன்றே காணப்பட்டது. இராமச்சந்திரன் 1968இல் சந்திரசேகரன் என்ற துணைவருடன் சேர்ந்து, இரண்டாம் பிணைப்பு நேராக இன்றி ஒரு நீர் மூலக்கூறின் வழியாக அமையலாம் என்று கூறியிருந்தார். 1994இன் படத்திலே மாலைகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் வரிசையாக நின்று பிணைத்துக்கொண்டிருந்தன.

எனக்கு அவரிடத்திலே பிடித்தது, கண்டனம் வந்தபின் அவர் செய்த காரியம். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் பற்றித்தானே வழக்கு? அதை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? அதுவரை அமைப்புத் தெரிந்த பளிங்குகளின் அளவுகளையெல்லாம் திரட்டி, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு அண்மையில் வரக் காணப்படுகிறது என்று அட்டவணை செய்தார். பின்னர் வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் அடுத்த படிக்குச் சென்றார். புரத மாலையிலே ஒவ்வொரு மணியினிடத்தும் இரண்டு திருப்பங்கள் உண்டு. இரண்டையும் எல்லாக் கோணங்களிலும் திருப்பிப் பார்த்து, அணுக்கள் மோதிக்கொள்ளும் இடங்களைக் கழித்தால் எஞ்சுவது என்ன? மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கணித்தார்கள். சதுரமாக வரைந்த படத்திலே நாலிலொரு பங்குகூட எஞ்சவில்லை. புரதங்கள் எத்தனை ஆயிரம் வடிவெடுத்தாலும் அந்தச் சிறு இடங்களுக்குள்ளேயே எடுக்கவேண்டும். 1963இல் வெளிவந்த அப்படத்தை இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் படம் என்றே வழங்குகின்றனர். இதுவரை அமைப்புக் கண்டு பதிவான புரதங்கள் முதலிய உயிர்ப்பொருள்கள் 2 இலட்சத்துக்கு மேல். ஒரு புதிய புரத அமைப்பு சரியா என்று பார்ப்பவர்கள் முதலிலே எடுத்து வைப்பது இந்தப் படத்தைத்தான். பிணைப்பு வழக்கிலே தோற்றவர், அந்த வழக்கைத் தீர்க்கும் அளவுகோலைச் செய்து கொடுத்துவிட்டார்.

இப்போது வாற்பேயின் வாலுக்குத் திரும்புவோம். மும்முறுக்கு தெரிந்தபின் கொலாஜன் ஏன் எளிதில் அழிவதில்லை என்பதும் தெரிந்தது. நம் வயிற்றிலும் குடலிலும் புரதத்தை வெட்டும் நொதியங்கள் மாலையின் நூலைப் பிடித்தே வெட்டவேண்டும். மும்முறுக்கிலே நூல் உள்ளே மறைந்து கிடக்கிறது. கத்தி வைக்க இடமில்லை. ஆட்டுக்கால் சூப்பை நெடுநேரம் கொதிக்க விட்டால் அது குளிர்ந்ததும் பாகுபோல் உறைகிறதல்லவா? வெப்பத்தால் முறுக்கு அவிழ்ந்து மாலைகள் பிரிந்துவிட்டன. அந்நிலையில் எந்த நொதியமும் அதை வெட்டும். ஆனால் வாற்பேய் தன் வாலைக் கொதிக்க வைப்பதில்லையே!

சென்னையிலே மும்முறுக்கு வெளியான அதே 1955இல், பெல்ஜியத்திலே லூவென் நகரத்துக் கிறிஸ்தியன் டி டூவ் என்பவர் எலியின் ஈரற் கலங்களிலே ஒரு புதிய உறுப்பைப் பற்றி எழுதினார். கலத்தினுள்ளே மெல்லிய சவ்வினாற் சூழப்பட்ட சிறு பைகள். உள்ளே அமிலமும், அந்த அமிலத்திலே வேலை செய்யும் நொதியங்களும். இலைசோசோம் என்று பெயரிட்டார். சமையலறை நெருப்பை அடுப்புக்குள்ளே அடக்கி வைப்பதுபோல், கலம் தன்னைத்தானே எரித்துக்கொள்ளாதபடி அழிக்கும் நொதியங்களைப் பைக்குள்ளே அடக்கி வைத்திருக்கிறது. 1974இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வாலின் மருமத்தை 1962இல் அமெரிக்காவிலே குரொஸ், லபியேர் என்ற இருவர் துலக்கினர். கொலாஜனைக் கூழாக உறையவைத்து அதன்மேல் வாற்பேயின் வாலிற் சிறு துண்டுகளை உயிரோடு வைத்தனர். துண்டைச் சுற்றிலும் கூழ் கரைந்து தெளிந்தது. வாலின் கலங்கள் வெளியிடும் ஒரு நொதியம் மும்முறுக்கை ஒரே ஓரிடத்திலே, முக்கால் பங்கும் கால் பங்குமாக வெட்டுகிறது. கொலாஜனேசு என்பது அதன் பெயர். வெட்டுண்ட துண்டுகளின் முறுக்கு உடற்சூட்டிலேயே அவிழத் தொடங்குகிறது. பின்னர் மற்ற நொதியங்கள் உள்ளே புகுகின்றன.

வெளியே நடப்பது இது. கலத்தினுள்ளே நடப்பது வேறொன்று. நார் கட்டும் கலங்களும் அந்நியப் பொருளை விழுங்கும் கலங்களும் கொலாஜன் நாரைத் துண்டாக விழுங்கி இலைசோசோமுக்குள் தள்ளிவிடுகின்றன. அங்கே அமிலத்தால் நார் உப்பித் தளர்கிறது. முறுக்கில்லாத நுனிகளைச் சில கதெப்சின் நொதியங்கள் கடித்து, நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டுகளை அறுக்கின்றன. கதெப்சின் கே என்பதோ முறுக்கையே பல இடங்களில் வெட்டவல்லது. எலும்பைக் கரைக்கும் கலங்கள் இந்த நொதியத்தையும் அமிலத்தையும் எலும்பின் மேலேயே வெளியிட்டு வேலை செய்கின்றன. பிறவியிலேயே கதெப்சின் கே குறைவுபட்டவர்கள் குள்ளமாகவும், எலும்பு கனத்து, ஆனால் எளிதில் முறிவதாகவும் இருப்பார்கள் என்று 1996இல் கண்டனர். பழைய எலும்பை அழிக்காத உடம்பு நல்ல எலும்பையும் கட்ட இயலாது போலும்.

நம் பாட்டிமார் அறிந்த காரியத்திலும் இது உண்டு. பிள்ளை பெற்ற அன்று ஏறக்குறைய ஒரு கிலோ நிறையுள்ள கருப்பை, ஆறு வாரத்திற்குள் நூறு கிராமுக்கும் குறைந்துவிடுகிறது. அதிலிருந்த கொலாஜனிற் பெரும்பகுதி இவ்வாறே கரைந்து போகிறது. ஆறாத புண்ணிலும், மூட்டு வாதத்திலும் இதே நொதியங்கள் வேண்டாத இடத்திலே வேலை செய்கின்றன. மறுபுறம், கொலாஜனைக் கட்டுவதற்கு நெல்லியிலும் கொய்யாவிலும் உள்ள உயிர்ச்சத்து சீ வேண்டும். அஃதின்றேல் முறுக்கு உறுதிப்படாது, முரசு கசியும், ஆறிய புண்ணும் திறக்கும்.

இராமச்சந்திரன் இந்த நொதியங்களைத் தாம் ஆராய்ந்தவரல்லர். ஆயினும் இவற்றை ஆராய்ந்த எவரும் அவருடைய மும்முறுக்கை முன்னே வைக்காமல் ஓர் அடியும் எடுக்க இயலவில்லை. 1967இல் வெளிவந்த கொலாஜன் பற்றிய பெருநூலின் முதற்றொகுதிக்கு அவரே பதிப்பாசிரியராக இருந்தார்.

1969இல் முதலியார் துணைவேந்தர் பதவியினின்றும் விலகினார். மறு ஆண்டு இராமச்சந்திரனும் சென்னையை விட்டார். சிறிது காலம் சிக்காகோவிலே இருந்தார். பின்னர் பெங்களூரிலே, தாம் படித்த கழகத்திலேயே, மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பகுதியை அமைத்தார். 1971இல் இலக்ஷ்மிநாராயணன் என்பவரோடு சேர்ந்து, பல திசையிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைக் கொண்டு உடலின் குறுக்குவெட்டுப் படத்தைக் கணித்தெடுக்கும் சுருக்கமான முறையொன்றைத் தந்தார். இன்று ஆசுபத்திரிகளிலே சீ.ரி. ஸ்கான் எடுப்பவர்களுக்கு அத்தகைய கணிதம் பயன்படுகிறது. 1977இல் இலண்டன் வேத்தியற் கழகம் அவரை அங்கத்தவராக்கியது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது அத்துறையினர் பலரின் எண்ணம். என் எண்ணமும் அதுவே.

பிற்காலத்திலே தர்க்க சாஸ்திரத்திலே மனம் சென்றது. உண்டு, இல்லை என்ற இரண்டோடு நில்லாமல், சொல்ல முடியாது என்ற நிலைக்கும் இடம்கொடுக்கும் சமணரின் சியாத் வாதத்தைக் கணித வடிவிலே அமைக்க முயன்றார். அதற்குள் நடுக்கு வாதம் பிடித்துக்கொண்டது. 1998இல் இராஜலக்ஷ்மி அம்மையார் காலமானார். ஐம்பத்து மூன்று ஆண்டுத் துணை போனபின் அவர் உடல்நிலை மேலும் தளர்ந்தது. 1999இல் பளிங்கியலார் சர்வதேசச் சங்கம் எவால்ட் பரிசை அளித்துச் சிறப்பித்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7ஆம் திகதி சென்னையிலே உயிர் நீத்தார். மூத்த மகன் ரமேஷ் நாராயண் அமெரிக்காவிலே ஹார்வார்ட் சர்வகலாசாலையிலே வானியற் பேராசிரியராகி, கருந்துளைகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர்.

அடையாற்றிலே அந்தத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலே பெரிய மண்டபம் ஒன்று இருக்கிறது. மும்முறுக்கு மண்டபம் என்ற பொருளிலேதான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கங்காருவின் வால் தசைநாண் கிண்டிக்குப் போனது அந்த நிலையத்திலிருந்துதான்.